பீரோவில் எழுதிய பல்

பூனாவில் வாயால் பிழைப்பவர்கள் ஏராளம். தன் வாயைத் தானே தட்டிக் காதுகொடுத்துக் கேட்டவர் சுத்தியல் அண்ணாச்சி ஒருவர்தான்.

கோர்படியில் ரயில் பாதையை ஒட்டி அவர் வீடு. ஒரு கேன்டீனில் நான் பாத்திரம் கழுவிய எட்டு மாதமும் அவருடைய முன்னறையில்தான் பாய் விரித்தேன். நிற்கிற ரயிலின் சக்கரங்களைச் சுத்தியலால் தட்டி, சத்தத்திலேயே விரிசலைக் கண்டுபிடிப்பது அவருடைய பழைய வேலை. ரிட்டயரான பிறகு தட்டுவதற்குச் சக்கரம் இல்லை. ஆனால் வாயில் அடைத்த பல் நான்கு இருந்தது. தினமும் காலையில் ஸ்பூன் காம்பால் அவற்றை வரிசையாகத் தட்டுவார். நான்கும் ‘டிங்’ என்றால்தான் டீ.

சரக்குப் பெட்டியில் அடுத்த ரிப்பேர் தேதியை எழுதியிருப்பார்களே, அதுபோல ஒவ்வொரு பல்லுக்கும் பீரோ கதவில் வெள்ளை பெயின்டால் தேதி எழுதியிருந்தார். ஒரு பல்லுக்குத் தேதி முடிந்தது. நேராகப் பல் டாக்டரம்மாவிடம் போய், பழைய அடைப்பை எடுத்துவிட்டுப் புதிதாக வைக்கச் சொன்னார்.

“காகா, ஏ தோ ஏக்தம் அச்சா ஹை!” என்றார் அந்த மராட்டிப் பெண். நன்றாக இருக்கும் அடைப்பைத் தோண்டினால் பல்தான் குறையும், இதற்கெல்லாம் குறித்த தேதி கிடையாது, அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

அண்ணாச்சிக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. “வேகனுக்கே தேதி உண்டு. மனுசன் பல்லுக்குக் கெடையாதுன்னா என்னலே நியாயம்?”

அந்த வருத்தத்தில்தான் என்னைக் கவனித்தார். “என்னலே, ஒரு பக்கமாவே சவைக்க?”

சோலாப்பூரில் என்றோ அடைத்த கடைவாய்ப் பல், கடித்தால் குத்தியது. ஆடத் தொடங்கினால் பிடுங்கிப் போடலாம் என்று விட்டிருந்தேன். ஏற்கெனவே இரண்டு பல்லை இரண்டு ஊரில் அப்படித்தான் விட்டு வந்தேன்.

“வாயத் தெற.”

ஸ்பூன் இறங்கியது. என் உயிர் உச்சிக்குப் போய்த் திரும்பியது.

“டொக்குங்குது. இது ஓடாது. ஷெட்டுக்குத் தள்ளணும்.”

“போனா போவட்டும் அண்ணாச்சி.”

“ஒவ்வொரு பெட்டியா கழட்டி விட்டா, கடைசில எஞ்சின் மட்டுந்தாம்லே ஓடும். சட்டையப் போடு.”

டாக்டரம்மா தன் சின்னக் கண்ணாடியைத் திருப்பிப் பிடித்து, அதன் காம்பால் அதே பல்லைத் தட்டினார். அப்போது அண்ணாச்சி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! அடைப்பு விரிசல் விட்டு, அடியில் சொத்தை பிடித்திருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் பிடுங்கத்தான் வேண்டியிருக்கும் என்றார். சுத்தம் செய்து புதிதாக அடைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணாச்சி பெயின்ட் டப்பாவைத் திறந்தார். பீரோவில் என் பெயர், எந்தப் பல், அடுத்த வருடத்தில் ஒரு தேதி.

“மாத்துறதுக்கு இல்லலே. பாக்குறதுக்கு மட்டும்” என்றார். டாக்டரம்மாவுக்கு அவர் விட்டுக்கொடுத்தது அவ்வளவுதான்.

அதன்பிறகு ஹூப்ளி, நாந்தேட், இப்போது சூரத். என் பெயர் எழுதியிருக்கும் வீடு அது ஒன்றுதான். வருடாவருடம் அந்தத் தேதியில் போன் வரும். “தட்டிப் பாத்தியாலே?”

போனை வாயருகே வைத்துக்கொண்டு ஸ்பூனால் தட்டுவேன். அந்தப் பக்கத்தில் அவர் மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருப்பார்.