லிட்டர் அண்ணாச்சி ஓட்டித் தீர்த்த கார்

தில்லியில் என்றைக்காவது நீங்கள் நல்ல காற்றைச் சுவாசித்திருந்தால் அதற்கு எங்கள் லிட்டர் அண்ணாச்சிதான் காரணம். அதே தில்லியில் ஒரு மாதம் முழுக்க இருமியிருந்தால் அதற்கும் அவரேதான் காரணம். இரண்டையும் தனி ஆளாகச் சாதித்தவர் எனக்குத் தெரிந்து வேறு யாரும் கிடையாது.

லோதி ரோடு அரசுக் குடியிருப்பில் அவர் கீழ் வீடு, நான் மேல் வீடு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். ஏதோ ஓர் அமைச்சகத்தில் செக்‌ஷன் ஆபீசர். வாசலில் மாட்டியிருந்த பெயர்ப் பலகையை யாரும் படித்ததில்லை. தூரத்தை அவர் கிலோமீட்டரில் சொல்லி யாரும் கேட்டதுமில்லை.

"கரோல் பாக் எவ்வளவு தூரம் அண்ணாச்சி?"

"ஏசி போட்டா ஒரு லிட்டரு. போடாட்டா முக்கா."

அவரிடம் வெள்ளை நிறத்தில் ஒரு டீசல் கார் இருந்தது. பெரும்பாலும் உறை போட்டு நின்றுகொண்டேதான் இருந்தது. ஆபீசுக்கு பஸ், மார்க்கெட்டுக்கு நடை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் உறையை எடுத்து மடித்து வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போவார். சிவப்பு விளக்கில் இன்ஜினை அணைப்பார். மேம்பால இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்வார். பங்க்கில் அவருக்கு "பாஞ்ச் லிட்டர் அங்கிள்" என்றே பெயர், ஐந்து லிட்டருக்கு மேல் அவர் போட்டதில்லை.

ஒருமுறை எனக்கு லிஃப்ட் கொடுத்தார். பாதி வழியில் என் மடியைப் பார்த்தார்.

"என்னவே அது பையில?"

"ரெண்டு கிலோ வெங்காயம், அண்ணாச்சி."

"வெயிட்டுல்லா அது! மொதல்லயே சொல்லக்கூடாதா?"

மீதி வழி முழுக்க வெங்காயத்தைத் திருடியவன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

இந்த மனிதருக்கு வாழ்க்கைப்பட்ட அக்காவுக்கு ஒரே ஓர் ஆசைதான். சொந்தக் காரில் ஹரித்வார் போய் கங்கையில் காலை நனைக்க வேண்டும். கேட்ட போதெல்லாம் "போக வர முப்பது லிட்டரு" என்பார். ரயிலில் போகச் சொன்னால் அக்கா சம்மதிக்க மாட்டார். "வாசல்ல காரு நிக்கும்போது நான் எதுக்கு ரயில்ல போணும்?" இப்படியே பத்து வருஷம் போயிற்று.

அப்போதுதான் அந்த உத்தரவு வந்தது. காற்று மாசைக் குறைக்க, பத்து வயது தாண்டிய டீசல் வண்டிகளுக்கு அடுத்த மாதம் முதல் பங்க்கில் எண்ணெய் கிடையாது. நம்பர் பிளேட்டைக் கேமராவே படித்துக் காட்டிக் கொடுத்துவிடும். அண்ணாச்சி போனைக் கையில் பிடித்துக்கொண்டு மாடியேறி வந்தார். முகம் செத்திருந்தது.

"விடுங்க அண்ணாச்சி, நீங்கதான் வண்டியை ஓட்டறதே இல்லையே" என்று ஆறுதல் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது.

"அதாம்வே வயித்தெரிச்சல்! பத்து வருசமா மிச்சம் புடிச்ச ஓட்டம் பூராவும் வண்டிக்குள்ளயே கெடக்கு. இந்த ஒரு மாசத்துல ஓட்டித் தீத்திரணும்."

தீர்த்தார். ஒரு பாக்கெட் உப்பு வாங்கக் கரோல் பாக் போனார். உப்பு மறந்துவிட்டது என்று மறுபடியும் போனார். ஏசியைப் போட்டுக் கண்ணாடியையும் இறக்கிவிட்டு ஓட்டினார். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்களை "ஜல்தி, ஜல்தி" என்று ஏற்றிக்கொண்டு, அவர்கள் கேட்காத இடத்துக்கெல்லாம் கொண்டுபோய்விட்டார். நான் பையோடு ஏறினேன்.

"வெங்காயம் இருக்கு அண்ணாச்சி, ரெண்டு கிலோ."

"ரெண்டுதானா? அஞ்சு வாங்கிருக்கலாம்லா!"

இவர் ஒருவர் என்றால் பரவாயில்லை. காலனியில் உறைக்குள் உறங்கிக்கொண்டிருந்த பழைய வண்டிகள் அத்தனையும் அந்த மாதம் கண் விழித்தன. பங்க்கில் வரிசை தெருமுனை வரை நின்றது. "பாஞ்ச் லிட்டர் அங்கிள்" வந்து "ஃபுல் டாங்க்" என்றதும் பங்க்காரர் குழாயைக் கையில் பிடித்தபடியே, "அங்கிள்ஜி, தபியத் டீக் ஹை?" என்று உடம்பை விசாரித்தார். டீசலை நிறுத்த வந்த உத்தரவு இப்படி டீசலை விற்றுத் தள்ளியது. எங்கள் மாடிப்படியில் யார் ஏறினாலும் இருமிக்கொண்டுதான் ஏறினார்கள்.

அந்த வண்டியில் ஏறாதவர் ஒருவர்தான். அக்கா.

"ஹரித்வார் போவமா ஏட்டி?" என்று அண்ணாச்சி தினமும் கேட்டார்.

"பத்து வருசமா நான் கேட்டேன், கூட்டிட்டுப் போகல. இப்ப டீசல் தீரணும்னு கூப்பிடுதீய. நான் வரல."

அண்ணாச்சி என்னிடம் வந்து, "அவள நீராவது சொல்லிப் பாரும்வே" என்றார். அக்கா சொன்னதில் ஓர் எழுத்துகூடத் தப்பில்லை.

மாதத்தின் கடைசி நாள் காலை. கடைசி முறையாக டாங்க்கை நிரப்பிக்கொண்டு வந்து வண்டியை நிறுத்தினார். இறங்குவதற்குள் எல்லோர் போன்களும் ஒன்றாகச் சிணுங்கின. உத்தரவைத் தள்ளி வைத்துவிட்டார்கள். புதிய தேதி பிறகு சொல்வார்களாம்.

அவ்வளவுதான். பத்தே நிமிஷத்தில் காலனியில் எல்லா வண்டி மேலும் உறை ஏறிவிட்டது. அண்ணாச்சியும் உறையை எடுத்தார். நிறைந்த டாங்க், இனி அவசரமும் இல்லை. அவரை எனக்குத் தெரியும், அந்த டாங்க் தீபாவளி வரைக்கும் வரும். ஆனால் உறையைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் அப்படியே நின்றார். வாசலில் அக்கா நின்றுகொண்டிருந்தார்.

"ஏட்டி, ஹரித்வார் போவமா?"

"ஏன், டீசல் இன்னும் தீரலையா?"

"தீர வேண்டாம். இனி அது எப்பவும் கெடைக்கும். சும்மாதான் கூப்பிடுதேன். வாரியா?"

அக்கா இறங்கி வந்து காருக்குள் எட்டிப் பார்த்தார்.

"ஏசி?"

"போடுதேன்."

அக்கா சேலை மாற்ற உள்ளே போனார். மாடியில் நின்ற எனக்குக் கண் கலங்கிவிட்டது. டீசல் புகை என்று வீட்டில் சொன்னேன்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார்கள். ஒரு மாத ஓட்டத்தில் களைத்திருந்த கார், ஒரு லாரியின் பின்னால் கயிற்றில் கட்டப்பட்டு வந்தது. அதற்குப் பிறகு அது ஓடவேயில்லை. அக்காவின் சேலை விளிம்பு மட்டும் கங்கையின் ஈரம் காய்ந்து வெளிறியிருந்தது.

"எத்தனை லிட்டர் ஆச்சு அண்ணாச்சி?" என்றேன்.

"யாருவே பாத்தா!" என்றார்.

பிறகு ஓய்வு பெற்று ஊரோடு போய்விட்டார். இங்கிருந்து திருநெல்வேலி எத்தனை லிட்டர் என்று சொல்ல அவர் கீழ் வீட்டில் இல்லை. ரொம்ப தூரம் என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது.