சிலுப்பாத கிடாவும் பட்டாணிக் கறியும்

குடவாசல் பக்கம்,
தை 28

பெங்களூரில் பட்டாணியிலிருந்து கறி செய்யும் கம்பெனியில் உத்தியோகம் பார்க்கும் அன்பு மகள் சுடர்விழிக்கு, உன் பெரியப்பா இராஜாங்கம் ஆசி கூறி எழுதுவது. இங்கே நான் நலம், உன் பெரியம்மா அம்சம் நலம், சம்பா அறுத்த வயலில் உளுந்து நலம், கிடா நலம். பேரனுக்கு மொட்டையடித்துக் காது குத்தும்போது குலசாமிக்கு வெட்டுவதாக இருந்த கிடா எப்படி நலமாக இருக்க முடியும் என்று கேட்பாய். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் ஒரு பேச்சு பேசுவதற்குள் உன் பெரியம்மா போனைப் பிடுங்கி மூன்று பேச்சு பேசிவிடுவாள்.

முதலில் என் நன்றியை வாங்கிக்கொள். உன்னால் ஓர் உயிர் பிழைத்தது, உன் அக்கா எழில்மொழியின் மாமனார் வாயும் மூடியது. இரண்டில் எது பெரிய காரியம் என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

எழில்மொழிக்கு நல்லபடியாகக் குழந்தை பிறந்தால் கிடா வெட்டுகிறேன் என்று வேண்டிக்கொண்டு வாங்கிய குட்டி அது. தாடி முளைத்ததும் அம்சம் அதற்கு வாத்தியார் என்று பேர் வைத்தாள். சாமிக்கு நேர்ந்தது சுத்தமாக இருக்கவேண்டுமே என்று நான் தினமும் போர்செட்டில் குளிப்பாட்டினேன். ஆடு என்றால் தண்ணீரைக் கண்டு ஓடும். இவரும் ஆரம்பத்தில் ஓடினார், அப்புறம் பழகினார், அப்புறம் மோட்டார் சத்தம் கேட்டாலே முன்னால் போய்க் குழாயடியில் நின்றார். முதுகு தேய்த்துவிடாவிட்டால் முட்டவும் செய்வார். விசேஷம் நெருங்க நெருங்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை, பேரன் பேரில் செய்த வேண்டுதல் பார். இதில் சீர்காழிச் சம்பந்தி வீரையன் வேறு. கல்யாணத்துக்கு மறுநாள் கறிவிருந்தில் அவர் இலையில் வெறும் எலும்பாக விழுந்துவிட்டது. அன்றிலிருந்து, "உங்கப்பன் வீட்டுல எங்களுக்கு நாய்ச் சோறுதான போட்டாங்க" என்று எழில்மொழியைக் குத்தாத நாளில்லை. அவள் போனில் சொல்லிச் சொல்லி அழுவாள். இந்தக் கிடாவோடு அந்தப் பேச்சு ஓயவேண்டும் என்று வீடே காத்திருந்தது.

விடிகாலையிலேயே வாத்தியாரைக் கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போனோம். நான், அம்சம், பூசாரி, சமையலுக்கு வந்த காதர் மைதீன் பாய், அவ்வளவு பேர்தான். சம்பந்தி வீட்டு வேன் மயிலாடுதுறையைத் தாண்டி பஞ்சராகி நின்றுவிட்டது. அதற்காக அந்த டயருக்கும் என் நன்றி. உனக்குத்தான் தெரியுமே, மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் கிடா உடம்பைச் சிலுப்ப வேண்டும், சிலுப்பினால்தான் சாமி உத்தரவு, இல்லையென்றால் கத்தி எடுக்கக் கூடாது. பூசாரி ஒரு செம்பு ஊற்றினார். வாத்தியார் சும்மா நின்றார். காதில் ஊற்றினார். கண்ணை மூடிக்கொண்டார். "என்னங்க இது, கல்லு மாதிரி நிக்குது" என்று பூசாரி ஒரு வாளித் தண்ணீரையும் தலையோடு கவிழ்த்தார். வாத்தியார் மெதுவாகத் திரும்பி, முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார், தேய்த்துவிடச் சொல்லி. பூசாரிக்கு வியர்த்துவிட்டது. "இராஜாங்கம், சாமிக்கு வேணாமாம். அவுத்து விட்டுடு" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது, நான் குளிப்பாட்டியே கெடுத்திருக்கிறேன். ஆனால் வாயைத் திறக்கவில்லை. சாமி பேரில் பழி விழுந்தால் விழட்டும், அது தாங்கும். கயிற்றை அவிழ்க்கும்போது எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

சந்தோஷம் ஒரு டீ குடிக்கும் நேரம்கூட நிற்கவில்லை. நாற்பது இலைக்குக் கறிக்கு எங்கே போவது? அன்று வியாழக்கிழமை, நம்மூரில் ஞாயிறு விட்டால் கறிக்கடை கிடையாது. குடவாசலுக்கு ஆள் விட்டால் வெட்டினதெல்லாம் ஒரு கல்யாண வீட்டுக்குப் போய்விட்டதாம். அம்சம் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். அப்புறம் அவளே எழுந்து, "ஏங்க, நம்ம சுடரு அனுப்புன பொட்டி இருக்கே" என்றாள். விசேஷத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுத்து ருசி கேட்டு எழுதுங்கள் என்று நீ அனுப்பிய இரண்டு பெரிய தெர்மாகோல் பெட்டி, பெட்டிக்கடை ஐஸ்கிரீம் ஃபிரீசரில் கிடந்தது. பொங்கலுக்கு வந்தபோது நீ கறிக்கு ஆகிற தண்ணீர், தீவனம், மாட்டு வயிற்று மீத்தேன் என்று சொன்னதெல்லாம் எனக்கு அப்போது ஏறவில்லை, மகளே. மீத்தேன் என்றால் வயலில் குழாய் இறக்க வந்தவர்களுக்கு எதிராகக் கொடி பிடிக்கத்தான் எங்களுக்குத் தெரியும். அம்சம் மட்டும் அன்றிலிருந்து நம் பசுவை ஒரு மாதிரியாகப் பார்க்கிறாள்.

காதர் மைதீன் பாய் ஒரு துண்டைக் கிள்ளிப் பார்த்தார், மோந்து பார்த்தார், "ஆட்டுக்கு அக்கா மக மாதிரி இருக்குண்ணே, விடுங்க பாத்துக்கறேன்" என்று மசாலாவை அரைக்கச் சொன்னார். நம் சாமிக்கு வெட்டியதை அவர் சமைப்பார், வாயில் வைக்கமாட்டார், உப்புப் பார்க்க எப்போதும் அம்சத்தைத்தான் கூப்பிடுவார். அன்றைக்கு அவரே கரண்டியால் அள்ளி அள்ளி உப்புப் பார்த்தார், இலை போடுவதற்குள் சட்டியில் கால்வாசி காணவில்லை. அவர் நன்றியையும் இதில் சேர்த்துக்கொள்.

மத்தியானம் சம்பந்தி வந்தார், உட்கார்ந்தார், முதல் வாய் வைத்தார். இலையைக் கிளறி, "எலும்பையே காணுமே" என்றார். எங்கிருந்துதான் எனக்கு வாக்கு வந்ததோ, "உங்க இலையில ஒரு எலும்பு விழக்கூடாதுன்னு சொல்லியிருக்கேங்க" என்றேன். மனுஷர் சாப்பாட்டை நிறுத்திவிட்டார். கண் கலங்கிவிட்டது. "அன்னிக்கு நான் பேசினது தப்பு சம்பந்தி" என்றார், எல்லார் முன்னாலும், எழில்மொழி கேட்க. அப்புறம் இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டு, "பஞ்சு மாதிரி இருக்கே, என்ன போட்டு வளத்தீங்க?" என்றார். "பட்டாணிங்க" என்றேன். சத்தியமாக அதுதானே உண்மை. "அதான பாத்தேன், கறியிலயே அந்த வாசம் வருது" என்று மூன்றாவது கரண்டி வாங்கினார். தலை எங்கே, குடல் எங்கே என்று யாரோ கேட்டதற்கு எல்லாம் பூசாரிக்குப் போய்விட்டது என்றேன். பூசாரி பாவம், தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

எழில்மொழி புறப்படும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், மகளே. அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து நாளாயிற்று. ஆகையால் உன் கம்பெனியும், உன் முதலாளியும், உனக்குப் பாடம் சொன்னவர்களும், பட்டாணி விளைந்த ஊரும் நன்றாக இருக்கட்டும். உளுந்திலும் கறி வருமா என்று விசாரித்து எழுது, நம் வயலில் இரண்டு மா நிலத்துக்கு உளுந்துதான் நிற்கிறது. வேளாவேளைக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை. உன் பெரியம்மா தன் ஆசியைத் தனியாகப் போனில் சொல்வாளாம், அரைமணி நேரம் ஒதுக்கி வை.

இப்படிக்கு,
கடன்பட்ட பெரியப்பா,
இராஜாங்கம்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் சம்பந்தி சொல்லாமல் கொள்ளாமல் வேனில் வந்து இறங்கிவிட்டார், நன்றி சொல்லிப் போகத்தானாம். கொல்லையில் வாத்தியார் நிற்பதைப் பார்த்துவிட்டு, "இது யாரு?" என்றார். நான் யோசிப்பதற்குள் அம்சம், "அதோட தம்பிங்க, ஒரே தாய் வயிறு" என்று சொல்லிவிட்டாள். "அப்ப அதே ருசிதான். சித்திரையில எங்க குலசாமிக்கு முந்நூறு இலை, இவனையே குடுத்துடுங்க, அதுவரைக்கும் பட்டாணி போட்டு நானே வளக்கறேன்" என்று வேனில் ஏற்றிவிட்டார். இப்போதுதான் ஒட்டியிருக்கிற சம்பந்தத்தில் எப்படி இல்லை என்பது? வாத்தியார் அவர் தோளை நக்கிக்கொண்டே போனார், அம்சம் இன்னும் அடுப்பு பற்றவைக்கவில்லை. ஆகையால் மகளே, லீவு போட்டு உடனே சீர்காழிக்குப் போ, அன்று தின்றது எது என்று அவரிடம் நீயே சொல்லிவிடு. நான் சொன்னால் அது பித்தலாட்டம், நீ சொன்னால் விஞ்ஞானம்.