துரையின் கண்ணாடிப் பெட்டியில் மூன்று கொழுந்தைக் காணவில்லை

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டம், பதுளை.
வியாழக்கிழமை காலை.

அன்பும் மரியாதையும் மிக்க மாப்பிள்ளை ஜெயரூபன் அவர்களுக்கு,

மாமனார் பழனியாண்டி எழுதுவது. இவ்விடம் அனைவரும் நலம் என்று ஒரே வரியில் முடித்துவிடத்தான் பேனாவை எடுத்தேன். இந்த முறை யார் நலம், யாரைப் பற்றிச் சொல்ல முடியாது என்று பிரித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. மகள் துஷாந்தினி நலம். பிரஷர் கொஞ்சம் ஏறியதால் திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் படுக்க வைத்திருக்கிறார்கள், வயிற்றுப் பிள்ளையும் நலம், அவள் மனசு மட்டும் எதற்கும் பதறக்கூடாது என்று டாக்டர் அம்மா சொல்லியிருக்கிறார். என் சம்சாரம் விஜயலெட்சுமி நலம், விரலில் மட்டும் அரிப்பு. நலமா இல்லையா என்று எனக்கே தெரியாமல் இருப்பது, தலைப்பிரசவத்துக்கு மகள் தாய்வீடு வந்தபோது கூடவே கண்ணாடிப் பெட்டியோடு வந்து இறங்கிய உங்கள் துரைதான். கடைக்காரர்கள் அதை பியர்டட் டிராகன் என்கிறார்கள், கழுத்தடியில் தாடி இருக்கிறது, எனக்கு அது ஓணான்தான். ஆனால் நீங்கள் துரை என்று பெயர் வைத்த பிறகு நானும் காலையில் அதற்கு முன்னால் துண்டைத் தோளிலிருந்து இறக்கிவிட்டுத்தான் நிற்கிறேன்.

ஏன் கட்டாருக்குப் போன் எடுத்துச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் "எல்லாம் நல்லா இருக்கு மாப்பிள்ளை" என்று என் வாய் தானாகச் சொல்லிவிடும். முப்பத்துநான்கு வருடம் தேயிலைக் கன்று நர்சரியில் கங்காணியாக இருந்து, தோட்டத்துத் துரைமார் ஜீப்பை நிறுத்திக் கேட்கும்போதெல்லாம் எல்லாம் நல்லா இருக்குங்க என்று சொல்லிப் பழகிய வாய். பாதிக் கன்று கருகிப்போன வருடமும் அதைத்தான் சொன்னேன். எழுதினால்தான் எனக்கு உண்மை வருகிறது. எழுதி முடித்து மத்தியான பஸ்ஸில் பதுளைக்குக் கொண்டுபோனால், அங்கே மீன்கடை நப்ரீஸ் தம்பி படம் பிடித்து உங்கள் போனுக்கு அனுப்பிவிடுவார். மீன்கடை என்றால் குழம்பு மீன் இல்லை, வளர்க்கிற மீன். அவர் எப்படி இதற்குள் வந்தார் என்று கீழே வருகிறது.

பெட்டி மொட்டையாக இருக்கிறது, உயிருள்ள செடி இரண்டு வைத்தால் துரைக்கு ஒதுங்க ஒரு மறைவு கிடைக்கும் என்று போன வாரம் சொன்னது நீங்கள்தான். "அவன் கடிச்சுப் பார்ப்பான் மாமா. தின்னாலும் ஒண்ணும் செய்யாத செடியாப் பார்த்து வைங்க, லிஸ்ட் துஷாவுக்கு அனுப்பியிருக்கேன்" என்று சொன்னதும் நீங்கள்தான், அதை நான் மறைக்கவில்லை. லிஸ்ட் மகளின் போனில், போன் மகளோடு ஆஸ்பத்திரியில். கேட்டிருந்தால் தந்திருப்பாள். நான் கேட்கவில்லை. இலட்சக்கணக்கில் கன்று வளர்த்து மலைக்கு ஏற்றியவனுக்கு இரண்டு சட்டிச் செடி வைக்க லிஸ்டா என்று இருந்தது. அந்தக் கொழுப்புத்தான் மாப்பிள்ளை, எல்லாவற்றுக்கும் காரணம்.

செவ்வாய்க்கிழமை காலையில் பங்களாத் தோட்டத்துப் பழைய சிநேகிதரிடம் சொல்லி நல்ல செடியாகப் பார்த்து வாங்கி வந்தேன். நல்ல செடி என்றால் என் கணக்கில் என்ன தெரியுமா, கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் தோட்டம் பார்க்க வருகிற நாளில், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்துக்கு இரண்டு பக்கமும் சட்டி அடுக்குவோமே, அந்தச் செடி. டிசம்பரில் நத்தார் காலத்தில் உச்சி இலை சிவக்கும், ஒடித்தால் பால் வடியும், அது ஒன்று. பெரிய இலையில் வெள்ளைப் புள்ளி தெளித்த மாதிரி இருக்கும், அது ஒன்று. நடுவில் குரோட்டன். பார்ப்பவன் கண்ணுக்கு எது பளிச்சென்று இருக்கும் என்று யோசித்தேனே தவிர, உள்ளே இருப்பவன் வாய்க்கு எது ஆகும் என்று ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை. அதோடு விட்டேனா, புதுக் கன்றுக்கு நேர் வெளிச்சம் ஆகாது என்று சூட்டு பல்பை அணைத்து, பெட்டிக்கு மேலே நர்சரிப் பச்சை வலையை இரண்டு மடிப்பாகப் போட்டேன், மூன்று வேளையும் பம்பால் தண்ணீர் விசிறினேன். செடிகள் நன்றாகத்தான் இருந்தன.

புதன்கிழமை காலையில் வலையை விலக்கிப் பார்த்தால், துரை மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது, தாடி கரிச்சட்டி மாதிரி கறுத்திருக்கிறது. செடியைப் பார்த்தேன். பால் வடிகிற செடியில் மூன்று இடத்தில் நுனியைக் காணவில்லை. அந்த நேரத்திலும் நர்சரிப் புத்தி போகவில்லை மாப்பிள்ளை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெட்டை உற்றுப் பார்த்தேன். மூன்றிலும் இரண்டு இலையும் ஒரு மொட்டும், கூடக் குறைய இல்லாமல், காம்பு பிசிறாமல், அத்தனை சுத்தமாகத் தின்றிருக்கிறது. என்ன பல்லு இது என்று ஒரு நிமிஷம் மெச்சினேன். பிறகுதான் அந்தப் பால் கண்ணில் பட்டாலே வீங்கும் என்பது ஞாபகம் வந்தது. விஜயலெட்சுமி அப்போது பார்த்து, துணி துவைக்கிற புது சவுக்காரம் ஒத்துக்கொள்ளவில்லை, விரலெல்லாம் அரிக்கிறது என்று வந்து நின்றாள். இங்கே ஒரு உயிர் போகிறது, உனக்குச் சவுக்காரமா என்று கத்திவிட்டேன்.

துரையைப் பழைய துவாயில் சுற்றி, மரக்கறி வாங்கும் கூடையில் வைத்து, மேலே கீரைக்கட்டை மூடி பஸ் ஏறினேன். ஆடு மாடு பார்க்கிற டாக்டர் அன்றைக்கு லீவு. பஸ் ஸ்டாண்ட் பக்கம் வளர்ப்பு மீன் விற்கிற நப்ரீஸ் தம்பிக்கு இந்த ஜாதி தெரியும் என்று யாரோ சொன்னார்கள். அவர் துரையைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்துவிட்டு, என்னென்ன செடி வைத்தேன் என்று கேட்டார். நான் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறிக்கொண்டே போனது. பால் வடிகிறது ஆகாதாம். புள்ளி இலை வாயையும் தொண்டையையும் வீங்க வைக்குமாம். குரோட்டனும் ஆகாது. போத்தலில் வளர்க்கும் மணிபிளாண்டும் ஆகாது, பட்டர் ஃபுரூட் இலையும் ஆகாது, மருந்து அடித்த எந்தச் செடியும், அது எவ்வளவு நல்ல ஜாதியாக இருந்தாலும், ஆகவே ஆகாது. அப்போ எதுதான் ஆகும் தம்பி என்றேன். செம்பருத்தி, இலையும் பூவும் தின்னலாம். முள்ளைச் சுத்தமாக எடுத்த சப்பாத்திக் கள்ளி. நீள இலையில் வெள்ளைக் கோடு போட்டு, ஓரத்தில் குட்டி குட்டியாகத் தொங்குமே, அந்தப் புல் மாதிரிச் செடி. எதுவானாலும் பழைய மண்ணை உதறி, வேரைக் கழுவி, உரமில்லாத மண்ணில் நட்டுச் சில வாரம் தனியாக வைத்த பிறகுதான் உள்ளே போக வேண்டும்.

தாடியைக் காட்டி, இது விஷந்தானே என்று கேட்டேன். "விஷமாவும் இருக்கலாம், குளிராவும் இருக்கலாம் ஐயா. இது வெயில் காட்டுல உள்ள சாமான், நீங்க தேயிலைக் கன்னு மாதிரி நனைச்சு மூடி வச்சிருக்கீங்க" என்றார். பல்பைப் போட்டு, வலையை எடுத்து, பெட்டியைக் காய வைத்து, நாளை மத்தியானம் வரைக்கும் பார்க்கச் சொன்னார். வாயில் நுரை வந்தாலோ தலை தொங்கினாலோ உடனே கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டுமாம். அந்த நாளை மத்தியானம்தான் இன்றைக்கு.

இப்போது மணி பத்தேகால். செடியெல்லாம் வெளியே, பல்பு எரிகிறது, துரை கல்லின் மேல் கண்ணை மூடிக் கிடக்கிறது, நான் பெட்டிக்கு முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். ஒரு வரி எழுதுவேன், வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்ப்பேன். செம்பருத்திக்கு நேற்றே அலைந்துவிட்டேன். இந்தத் தோட்டத்தில் மருந்து படாத மண் எது என்று யோசித்தால் மாரியம்மன் கோயில் வேலி ஒன்றுதான். பூசாரி எதற்கு என்று கேட்டார், துரைக்கு என்றேன், எந்தத் துரை என்று கேட்காமல் பயந்துபோய் இரண்டு கன்று பிடுங்கிக் கொடுத்தார். அவை கொல்லையில் தனியாக நிற்கின்றன. தின்ன ஆள் இருக்குமா என்பதுதான் தெரியவில்லை. மகள் நேற்றுப் பின்னேரம் போன் எடுத்து, துரை சாப்பிட்டானா அப்பா என்றாள். நல்லா இருக்குடா என்றேன். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் லீவில் வந்து இறங்கும்போது பெட்டி வெறுமையாக இருந்தால் அவள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன், அவள் பிரஷர் என்ன ஆகும்.

இன்னொன்றும் எழுதிவிடுகிறேன், இன்றைக்கு விட்டால் வராது. நீங்கள் பெண் பார்க்க வந்த அன்று, ஓணான் வளர்க்கிறவனுக்கா என் பிள்ளையைக் கொடுக்கிறது என்று உங்கள் தகப்பனார் காதில் விழச் சொன்னேன். நீங்கள் கேட்டும் கேளாதது போலத் தேநீரைக் குடித்துவிட்டு, போகும்போது என் காலில் விழுந்து கும்பிட்டீர்கள். நான்கு வருடமாக அது எனக்குக் குத்துகிறது. ஒரு ஓணானை வளர்க்க எத்தனை கவனம் வேண்டும் என்று மூன்றே நாளில் தெரிந்துகொண்டேன். நான் சொன்னது தப்பு மாப்பிள்ளை. மன்னித்துக்கொள்ளுங்கள். துரைக்கு ஏதும் ஆகிவிட்டால் அதற்கும் சேர்த்து மன்னியுங்கள், முடிந்தால் ஞாயிறு வரை காத்திராமல் முன்னதாகப் புறப்பட்டு வந்து கடைசியாக ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

மாரியம்மன் உங்களுக்குக் கட்டார் வெயிலிலும் குளிர்ச்சியைக் கொடுக்கட்டும், துரைக்கு ஸ்பிரிங்வெளிக் குளிரிலும் சூட்டைக் கொடுக்கட்டும். பிள்ளை நல்லபடி பிறக்கட்டும். துஷாந்தினியிடம் இதில் ஒரு வரியும் சொல்ல வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்,
மு. பழனியாண்டி

பின்குறிப்பு: பஸ்ஸுக்குப் புறப்பட்டுச் சட்டை போடும்போது இதை எழுதுகிறேன். விஜயலெட்சுமி செவ்வாய்க்கிழமை கட்டிய சேலையைத் துவைக்க எடுத்து உதறினாள். இடுப்பு மடிப்பிலிருந்து மூன்று கொழுந்து விழுந்தது. காய்ந்து சுருண்டு, ஒவ்வொன்றும் இரண்டு இலையும் ஒரு மொட்டும். இருபத்தெட்டு வருடம் தேயிலைக் கொழுந்தை அந்தக் கணக்கில் பறித்த கை மாப்பிள்ளை, செவ்வாய்க்கிழமை பெட்டியைத் துடைக்கப் போனவள் செடியில் கை பட்டதும் தன்னை அறியாமல் பறித்து மடியில் போட்டிருக்கிறாள். விரல் அரிப்பு சவுக்காரத்தால் இல்லை, பாலால். துரை ஒரு இலையும் தொடவில்லை, அதற்குக் குளிர் மட்டும்தான். பல்புச் சூட்டில் தாடி வெளுத்து, இப்போது கல்லின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்து என்னை முறைக்கிறது. ஆகவே விஷம் என்று எழுதியது, முன்னதாக வரச் சொன்னது, கடைசியாகப் பார்க்கச் சொன்னது எல்லாவற்றையும் அடித்துவிட்டதாக வைத்து வாசிக்கவும். ஞாயிற்றுக்கிழமையே அவசரப்படாமல் ஆறுதலாக வாருங்கள். மன்னிப்புக் கேட்ட இடத்தையும் அடிக்கத்தான் பேனாவை வைத்தேன், செத்தால்தானே கேட்க வேண்டும், அதுதான் சாகவில்லையே என்று. விஜயலெட்சுமி விரலைச் சொறிந்துகொண்டு பக்கத்தில் நின்றாள். "அத விட்டுருங்க. அத எழுத உங்களுக்கு நாலு வருஷம் ஆச்சு" என்றாள். விட்டுவிட்டேன்.