உறவு: இல்லை

மூன்றாம் முறையாகவும் படிவம் திரும்பி வந்தது.

நஞ்சுண்டன் அக்கம்பக்கத்துத் தறிச் சத்தத்துக்கு நடுவே நின்றபடி உறையைப் பிரித்தார். ஒன்பதாம் கலத்தை யாரோ சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டிருந்தார்கள். கலம் ஒன்பது: பயனாளிக்கும் நிலைய நடத்துநருக்கும் உள்ள உறவு.

முப்பது பெயர்கள். முப்பதுக்கும் எதிரே அவரே உண்மையை எழுதியிருந்தார். மாமன். மச்சான். பங்காளி. பங்காளி. மச்சானுக்கு மாமன்.

அடியில் ஒரு குறிப்பு. "விதி 14-இன்படி நடத்துநரின் இரத்த உறவினர், மண உறவினர் பயனாளிகள் ஆகார். மார்ச் 31-க்குள் தகுதியுள்ள முப்பது பேரைக் காட்டாவிடில் கணினி திரும்பப் பெறப்படும்."

அது 1999. கிராமங்களுக்கு இன்டர்நெட் கொண்டுபோகும் மானியத் திட்டம். வெள்ளகோவிலுக்குத் தெற்கே, கல்லாங்காட்டுப்புதூரில் அது நஞ்சுண்டன் பெயருக்கு வந்திருந்தது. கம்ப்யூட்டர் வைக்க இடம் வேண்டும் என்று முன்னறையிலிருந்த இரண்டு தறிகளைக் கழற்றி விற்றுவிட்டார். பெட்டி போய்விட்டால் தறியும் இல்லை, பெட்டியும் இல்லை. வழியில் பார்ப்பவர்களெல்லாம் அதைப் பற்றிக் கேட்பார்கள். மரியாதையாகக் கேட்பார்கள். அதுதான் தாங்காது.

"சொந்தமில்லாத முப்பது பேரு வேணுமாம்" என்றார் மனைவியிடம்.

குழந்தையம்மாள் முறத்திலிருந்து தலை தூக்கவில்லை. "இந்த ஊர்லயா?"

"இந்த ஊர்லதான்."

"ஏனுங்க, நூத்திப் பன்னண்டு ஊடு இருக்குது. நூத்திப் பதினொண்ணுல நமக்கு முறை இருக்குது."

"மீதி ஒண்ணு?"

"ஆமினா பீவி அக்கா ஊடு. அவங்க ஒருத்திதான். மீதி இருவத்தொம்பது பேருக்கு எங்கீங்க போவீங்க?"

முன்னறையில் ஆள் வரத்துக்குக் குறைவில்லை. காலையில் பெண் வீட்டார் ஜாதகம் பார்ப்பார்கள். மதியம் மாப்பிள்ளை வீட்டார் அதே ஜாதகத்தை மறுபடி பார்ப்பார்கள். சின்னாத்தாள் கிழவி தினமும் வந்து திரையில் திமிங்கலம் பார்த்துவிட்டுப் போவாள். நஞ்சுண்டன் கோயம்புத்தூரில் மூன்று நாள் பயிற்சி எடுத்தவர். அங்கே இருந்த பெட்டி இன்டர்நெட்டுக்குள் போகும் முன் கொஞ்ச நேரம் கீச்சுக் கீச்சென்று கத்தும். இவருடையது கத்துவதே இல்லை. நல்ல சாமான் வந்திருக்கிறது என்று அவருக்குப் பெருமை. படிவத்தின் மூன்றாம் கலத்தில், "இணைப்பு: உண்டு. வேகம்: நல்ல வேகம்" என்று எழுதியிருந்தார். அந்தக் கலத்தை யாரும் வட்டமிடவில்லை.

அன்று மாலை புதுப் படிவம் எடுத்தார். அதே முப்பது பெயர்கள். ஒன்பதாம் கலத்தில் மட்டும் முப்பது முறை "இல்லை" என்று எழுதினார். பன்னிரண்டாவது "இல்லை"க்குப் பிறகு கை பழகிவிட்டது.

கையெழுத்து வாங்கும்போது மூன்று பேர் படிக்காமல் போட்டார்கள். நான்காவது ஆள் பொங்கியண்ணன், குழந்தையம்மாளின் அண்ணன். அவர் படித்தார்.

"இதென்னுங்க மாப்ளை, எனக்கு நேரா இல்லைன்னு போட்டிருக்குது?"

"அது கெவுருமெண்டுக்குங்க மச்சான்."

"கெவுருமெண்டுக்கு நான் உங்களுக்கு ஆருமில்லீங்களா?"

"காயிதத்துல மட்டுந்தானுங்க."

"மணவறைக்கு உங்களைக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தது ஆருங்க? தபால்காரருங்களா?"

பேனாவை மூடி மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். கதவைக்கூட அறைந்து சாத்தாமல் பணிவாகப் போனார்.

இருட்டுவதற்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. மாரியம்மன் கோயில் முன்னால் கூடினார்கள். நஞ்சுண்டன் எல்லோரையும் அரசாங்கத்திடம் தள்ளி வைத்து எழுதிக் கொடுத்துவிட்டதாகப் பேச்சு. இனி எந்த ஆபீசர் வந்து யாரைக் காட்டிக் கேட்டாலும், சொந்தமில்லை என்று இந்த ஊரில் ஒருத்தரும் சொல்லக் கூடாது என முடிவாயிற்று.

குழந்தையம்மாள் வீட்டில் காத்திருந்தாள்.

"எங்கண்ணன் உங்களுக்கு ஆருமில்லைன்னா, நான் ஆருங்க?"

இந்தக் கேள்விக்குப் படிவத்தில் கலம் இல்லை. அவள் துணிமூட்டையோடு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள். அது எதிர்வீடு. மறுநாள் அங்கே துணி துவைத்து இங்கே கொண்டுவந்து, கம்ப்யூட்டர் அறையின் ஜன்னல் வழியாக வெளியே முருங்கை மரத்துக்குப் போகும் கறுப்பு ஒயரில் காயப்போட்டாள்.

"ஈரத்துணியப் போடாத அம்மிணி. உள்ள எழுத்துக் கலங்கும்."

"ஆருங்க நீங்க?" என்றாள்.

உள்ளூர் ஆட்கள் வேண்டாம் என்று நஞ்சுண்டன் முடிவு செய்தார். பத்தே முக்கால் டவுன் பஸ் ஊருக்குள் வந்து திரும்பப் பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தில் ஆட்களைப் பிடித்தார்.

"ஏனுங்க, நீங்க எந்த ஊருங்க? எங்களுக்குச் சொந்தம் வருமுங்களா?"

"வராதுங்க."

"ரொம்ப சந்தோசமுங்க. உள்ள வாங்க."

டிரைவர், கண்டக்டர் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். ஆட்டு வியாபாரி அப்துல் கையூம் ஆட்டோடு உள்ளே வந்து சிங்கத்தைப் பார்த்தார். ஆடு பார்க்க மறுத்தது.

பதினேழாவது ஆள் தானாகவே வந்தார். சைக்கிளில் ஏணியைக் கட்டிக்கொண்டு வந்த டெலிபோன் லைன்மேன் மாசாணம்.

"ஏனுங்க, நஞ்சுண்டன்ங்கறது..."

"நான்தானுங்க. உங்களுக்கு நாங்க சொந்தமுங்களா?"

"இல்லீங்க. நான் ஆனமலைப் பக்கம். உங்ககிட்ட ஒரு சமாச்சாரம்..."

"சமாச்சாரம் பொறகு. முதல்ல கையெழுத்துப் போடுங்க."

"அதில்லீங்க, இந்த மாசம்..."

"கல்யாணம் ஆயிருச்சுங்களா?"

மாசாணம் தலை குனிந்தார். "இன்னும் இல்லீங்க."

நஞ்சுண்டன் பெட்டியோடு வந்த வெள்ளி நிற சி.டி. தட்டைத் துண்டால் துடைத்துப் பெட்டிக்குள் தள்ளினார். பிறந்த நேரம் கேட்டார். கார்த்திகைக்குள் கல்யாணம் என்று பெட்டி சொன்னது. மாசாணம் மூன்று முறை படித்துப் பார்த்தார். கையெழுத்துப் போட்டார். சொல்ல வந்ததை மறந்து, ஏணி சாலையோர வேலியில் இடிக்க இடிக்கச் சைக்கிளில் போனார்.

ஐந்தே நாளில் முப்பது பேர். ஒருவருக்கொருவர்கூடச் சொந்தமில்லை. நஞ்சுண்டன் படிவத்தைத் தபாலில் நம்பாமல் பஸ் ஏறிக் கோயம்புத்தூர் பீளமேட்டுக்கே கொண்டுபோனார்.

திட்ட அலுவலகத்தில் படிவங்களைப் பார்ப்பவர் வரதராஜுலு. அமைதியான மனிதர். வந்தவருக்குக் காப்பி சொல்லிவிட்டுத்தான் விண்ணப்பத்தை நிராகரிப்பார்.

"பதினாலு பாத்திருக்கீங்க. பதினாலு-அ பாக்கலீங்களே."

"அது என்னுங்க?"

"பயனாளி அந்த ஊர்லயே குடியிருக்கோணும்."

நஞ்சுண்டன் காப்பியைக் கீழே வைத்தார். "ஊர்க்காரரா இருக்கோணும். உறவுக்காரரா இருக்கக் கூடாது."

"அதேதானுங்க. சரியாச் சொல்லிப்போட்டீங்க."

"அப்படி ஆளு எங்க ஊர்ல ஒருத்தருதான் இருக்காங்க."

"அப்ப உங்க ஊருக்கு இன்டர்நெட் தேவையில்லைன்னு எழுதிக்கலாங்களா?"

நஞ்சுண்டனுக்குக் கழற்றி விற்ற இரண்டு தறிகள் கண்முன் வந்தன. வரதராஜுலுவுக்கும் அவர் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். ஒரு கட்டு காகிதத்தை எடுத்து மேசைமேல் நகர்த்தினார்.

"ஊரை மாத்த முடியாது. நடத்துநரை மாத்தலாமுங்க. படிவம் இருவத்திரண்டு. ஏழு நகல்."

அன்றே ஆமினா பீவி வீட்டுக்குப் போனார். அந்த அம்மா ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். ஊர் முழுக்க அவர் தைத்த ஜாக்கெட்தான். ஊரிலிருக்கும் அத்தனை பெண்களின் அளவும் அவருக்கு மனப்பாடம். யாருடையதையும் யாரிடமும் சொன்னதில்லை.

நஞ்சுண்டன் எல்லாவற்றையும் சொன்னார். ஆமினா பீவி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார்.

"சரி. ஆனா என்ற பேருல இருந்தா என்ற சட்டந்தான்."

"சொல்லுங்கக்கா."

"தையல் மிசினும் அங்கதான் இருக்கும். செருப்ப வெளிய உடோணும். பெட்டி பாக்க வர்றவங்க வரிசையில உக்காரோணும். நீங்களும்."

"நானுமா?"

"நீங்க முப்பத்தொண்ணாவது ஆளு. உறவு: இல்லை."

ஏழு நகலில் ஏழு கையெழுத்துப் போட்டு, தன் வீட்டு முன்னறையில் நஞ்சுண்டன் வரிசையில் உட்கார்ந்தார். அவருக்கு முன்னால் சின்னாத்தாள் திமிங்கலத்துக்குக் காத்திருந்தாள்.

மார்ச் 30. வரதராஜுலு நேரில் ஆய்வுக்கு வந்தார்.

"வாங்க, கம்ப்யூட்டரைப் பாருங்க" என்று நஞ்சுண்டன் எழுந்தார்.

"கம்ப்யூட்டர் பாக்கறது வேற செக்சனுங்க. நான் படிவம் மட்டுந்தான்."

கம்ப்யூட்டருக்கு முதுகு காட்டி உட்கார்ந்து பெயர்ப் பட்டியலை விரித்தார். ஆமினா பீவி கூப்பிட்டார் என்று முப்பது பேரும் வந்திருந்தார்கள். எல்லோரும் ஊர்க்காரர்கள். குடும்ப அட்டையும் இருந்தது. பதினாலு-அ முடிந்தது. பதினாலுக்கு வந்தார்.

"அம்மா, இந்த ஆமினா பீவி உங்களுக்குச் சொந்தமுங்களா?"

சின்னாத்தாள் பொங்கியண்ணனைப் பார்த்தாள். பொங்கியண்ணன் கூட்டத்தைப் பார்த்தார். கோயில் முன் எடுத்த முடிவு எல்லோருக்கும் நினைவிருந்தது.

"சொந்தந்தானுங்க" என்றாள் சின்னாத்தாள். "என்ற மருமவளாட்ட."

வரதராஜுலு சிவப்புப் பென்சிலை எடுத்தார். "உங்களுக்குங்க?"

"தங்கச்சிங்க" என்றார் பொங்கியண்ணன்.

"அத்தைங்க."

"எங்க பெரியம்மாங்க."

முப்பது பேரும் சொந்தம். நஞ்சுண்டன் கண்ணை மூடிக்கொண்டார்.

தையல் மிஷின் சத்தம் நின்றது.

"சார்" என்றார் ஆமினா பீவி. "உங்க காயிதத்துல எத்தனை தினுசு சொந்தம் இருக்குதுங்க?"

"ரெண்டுங்க. ரத்தம், மணம்."

"இது ரெண்டுலயும் வராதுங்க. இது கூப்புடற சொந்தம்."

வரதராஜுலு விதிப் புத்தகத்தைப் புரட்டினார். முன்னாலிருந்து பின்னாலும், பின்னாலிருந்து முன்னாலும் பார்த்தார்.

"இதுக்குக் கலம் இல்லீங்களே."

"அப்ப என்னன்னு எழுதுவீங்க?"

அவர் விதிப் புத்தகத்தை மூடினார். சிவப்புப் பென்சிலை உள்ளே வைத்துவிட்டுப் பேனாவை எடுத்தார். கலம் இல்லாத எதையும் அவர் வாழ்க்கையில் இருப்பதாக ஒப்புக்கொண்டதில்லை. முப்பது முறை "இல்லை" என்று எழுதினார்.

பொங்கியண்ணன் தொண்டையைச் செருமினார். "சார், இந்த முப்பத்தொண்ணாவது ஆளு எனக்கு மாப்ளைங்க. அது எங்காச்சும் எழுத முடியுமுங்களா?"

"குறிப்புல எழுதலாமுங்க."

எழுதினார். பயனாளி 31, பயனாளி 4-இன் தங்கை கணவர். முத்திரையும் குத்தினார். பொங்கியண்ணன் அதை வாங்கி வாசலுக்குக் கொண்டுபோய் எதிர்வீட்டைப் பார்த்து உரக்கப் படித்தார். குழந்தையம்மாள் துணிமூட்டையோடு படியிறங்கி வந்தாள். வரும் வழியில் ஒயரில் இருந்த சேலையையும் எடுத்துக்கொண்டாள்.

வரதராஜுலு இரண்டு வீட்டில் சாப்பிட்டு, மூன்றாம் வீட்டில் மோர் குடித்துவிட்டுத்தான் பஸ் ஏற முடிந்தது.

வைகாசியில் பாராட்டுச் சான்றிதழ் வந்தது. மாவட்டத்திலேயே ஒரு குறையும் இல்லாத படிவம் இதுதானாம். "கல்லாங்காட்டுப்புதூர் மக்களுக்குத் தடையற்ற இன்டர்நெட் சேவை வழங்கியமைக்காக" என்று அச்சடித்திருந்தார்கள். ஆமினா பீவி அதற்குச் சட்டம் போட்டுக் கம்ப்யூட்டருக்கு மேலே மாட்டினார். நஞ்சுண்டன் ஸ்டூல் மேல் நின்று, கோணல் இல்லாமல் இருக்கிறதா என்று சரி பார்த்தார்.

வாசலில் சைக்கிள் மணி கேட்டது. மாசாணம். ஏணியோடு இந்த முறை ஒரு பெரிய சுருள் ஒயரும் இருந்தது.

"வாங்க வாங்க, பதினேழாவது ஆளு! என்னுங்க, பொண்ணு அமைஞ்சிருச்சுங்களா? சாதகம் கொண்டாந்தீங்களா?"

"அதுக்கில்லீங்க" என்றார் மாசாணம். ஜன்னலுக்கு வெளியே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். "அன்னைக்கே சொல்ல வந்தனுங்க, கையெழுத்துல மறந்துபோட்டேன். முருங்க மரத்துல கட்டியிருக்கற ஒயரக் கொஞ்சம் அவுத்து உடுங்க, உங்களுக்கு இன்னைக்குத்தானுங்க இன்டர்நெட் குடுக்கறோம்."