வெள்ளைப் பெட்டிக்காரர் முகத்தில் அச்சு மை

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு மனிதரின் முகத்தில் கரி பூசியிருக்கிறேன். பேச்சுக்குச் சொல்கிற கரி இல்லை, நிஜமாகவே பூசினேன். சரியாகச் சொன்னால் அச்சு மை. பெரிய கூட்டத்துக்கு நடுவே, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், இரண்டு கையாலும். அதற்காக நீ வருத்தப்பட வேண்டும் என்று சொன்ன பெரியவர்கள் எல்லோரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எனக்கு அந்த வருத்தம் இன்னும் வந்து சேரவில்லை.

முதலில் என் நிறத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். என் பெயர் பால்வண்ணம். (சிரித்து முடியுங்கள், காத்திருக்கிறேன்.) குலதெய்வத்தின் பெயர், அப்பா வேண்டிக்கொண்டு வைத்தது. பிள்ளையைப் பார்த்த பிறகாவது மனிதர் கொஞ்சம் யோசித்திருக்கலாம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அந்தப் பெயரைக் கூப்பிட்டாலே வகுப்பு கொல்லென்று சிரிக்கும். படித்து முடித்துத் தியாகராய நகரில் ஒரு ஜவுளிக்கடைக்கு வேலை கேட்டுப் போனேன். முதலாளி என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "தம்பி, நீ நல்ல பையன்தான். ஆனா பொம்பளைங்க வர்ற கடை, பயந்துடுவாங்க பாரு" என்று மோர் கொடுத்து அனுப்பினார். மோர் நன்றாகத்தான் இருந்தது.

அப்பா டிராம் கண்டக்டர். அந்த மாதக் கடைசியோடு அவருக்கு வேலை முடிகிறது. அதற்குள் எனக்கு ஏதாவது ஒரு வேலை கிடைத்தால்தான் மந்தைவெளியில் எங்கள் வீட்டு அடுப்பு எரியும் என்கிற நிலை. யுத்தம் முடிந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அரிசிக்கும் ரேஷன், மண்ணெண்ணெய்க்கும் ரேஷன். (மண்ணெண்ணெயை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.)

இந்தச் சமயத்தில்தான் கார்ப்பரேஷன் தேர்தல் வந்தது. எங்கள் வட்டாரத்தில் ஒரு கட்சி சார்பில் தாமோதரம் என்பவர் நின்றார். கட்சியின் பெயர் வேண்டாம், இப்போது அந்தப் பெயரில் கட்சியே இல்லை. தாமோதரம் லஸ் பக்கத்தில் அச்சகம் வைத்திருந்தார். தினமும் பாலேடும் பயத்தமாவும் தேய்த்துக் குளிப்பார். நல்ல சிவப்பு. அந்தச் சிவப்பைத் தவிர அவரிடம் வேறு கொள்கை எதுவும் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

எதிரே நின்றவர் டாக்டர் சவரிமுத்து. அவருடைய அப்பா சாந்தோம் குப்பத்திலிருந்து கப்பல் வேலைக்குப் போய், ஆப்பிரிக்கக் கரையில் ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு, அவளோடும் கைக்குழந்தையோடும் ஊர் திரும்பியவர். அந்தக் குழந்தைதான் வளர்ந்து டாக்டரானது. அம்மாவின் நிறம், அம்மாவின் சுருள் முடி. பேச்சு மட்டும் சுத்தமான குப்பத்துப் பேச்சு. "இன்னாம்மா, வயிறு இன்னா சொல்லுது?" என்று அவர் கேட்டாலே பாதி வயிற்றுவலி போய்விடும்.

அப்போதெல்லாம் ஓட்டுச் சாவடியில் ஆளுக்கொரு நிறப் பெட்டி. படிக்கத் தெரியாதவர்களும் நிறத்தைப் பார்த்துச் சீட்டைப் போடுவதற்காக. தாமோதரத்துக்கு வெள்ளைப் பெட்டி வந்தது, டாக்டருக்குக் கறுப்புப் பெட்டி. தாமோதரத்துக்குத் தலைகால் புரியவில்லை. "பெட்டியே வேணாம்யா! அந்தாளு வாயைத் தொறந்துக்கிட்டு நின்னாப் போதும், சீட்டை உள்ளே போட்டுடலாம்!" என்று போகிற இடமெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கட்சிக்காரர்களும் சிரித்தார்கள். சிரிப்பு வந்த ருசியில், தேர்தலுக்கு முந்தின நாள் சாயங்காலக் கூட்டத்தில் ஒரு தமாஷ் நாடகம் போடுவது என்று முடிவாயிற்று. பெயர் 'காப்பிரி வைத்தியம்'. (ஆப்பிரிக்கக்காரர்களை அப்போது இளக்காரமாகச் சொல்கிற வார்த்தை காப்பிரி.)

கதை இதுதான். கறுப்பு டாக்டர் குரங்கு மாதிரி குதித்துக்கொண்டு வருவார். சிவப்பான ஒரு நோயாளிக்குக் களிம்பு தடவுவார். நோயாளி கன்னங்கரேல் என்று எழுந்திருப்பான், பெண்டாட்டி பார்த்துவிட்டு அலறுவாள். கடைசியில் தாமோதரம் எழுந்து, "பெட்டியை மாத்திப் போட்டீங்கன்னா உங்க கதியும் இதுதான்" என்று கைகூப்புவார்.

டாக்டர் வேஷத்துக்கு என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நான் அக்கம்பக்கத்து நாடகங்களில் மற்றவர்கள் மாதிரி பேசிக் காட்டுகிறவன். அச்சகத்தில் ஒத்திகை. தாமோதரம் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார்.

"அடடே! உனக்கு மேக்கப் செலவே இல்லையேப்பா! கடவுள் இலவசமாவே போட்டு அனுப்பியிருக்கார்!"

எல்லோரையும்விட உரக்கச் சிரித்தது நான்தான். வேலை தேடுகிறவனுக்கு முதலாளியின் தமாஷ் எல்லாம் உயர்ந்த தமாஷ்.

"நல்லா நடி தம்பி. ஜெயிச்ச கையோட கார்ப்பரேஷன்ல உனக்கு ஒரு குமாஸ்தா நாற்காலி. என் பொறுப்பு."

நாற்காலி என்ற சொல் காதில் விழுந்ததும் என் வாலைக் கொஞ்சம் ஆட்டினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நோயாளி வேஷம் அவருடைய மச்சினர் ராமலிங்கத்துக்கு. களிம்புக்கு விளக்குக் கரியை எண்ணெயில் குழைக்கலாம் என்றார் அவர். தாமோதரத்துக்கு அது பிடிக்கவில்லை. "பளபளன்னு இருக்க வேணாமா? நம்ம பிரஸ் மை இருக்கே, எடுத்துக்கோ" என்று தாராளமாக ஒரு கொட்டாங்கச்சி நிறையக் கொடுத்தார். அச்சு மை தோலில் பட்டால் லேசில் போகாது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். மச்சினர் முகம்தானே.

வீட்டில் நான், "டாக்டர் வேஷம்பா" என்று மட்டும் சொன்னேன். அப்பாவுக்கு ஒரே பெருமை. டிராம் ஷெட் முழுக்கத் தண்டோரா போட்டு, சிநேகிதர்களைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். அவர் என்னைவிட ஒரு பங்கு கூடுதல் கறுப்பு என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

மாட்டுக் கொட்டகையை ஒட்டிய காலி மனையில் கூட்டம். நாலு கட்டை வண்டியைச் சேர்த்துப் பலகை போட்ட மேடை. மேடை ஓரத்தில் தாமோதரத்துக்கு ஒரு நாற்காலி. கீழே முன்னால் பிரமுகர்களுக்கு நாற்காலி. பின்னால் தரையில் குப்பத்து மீன்காரப் பெண்கள், ஜட்கா வண்டிக்காரர்கள், திருவல்லிக்கேணியிலிருந்து வந்த சாயபு கடைக்காரர்கள், என் அப்பா, அவருடைய டிராம் பட்டாளம். அப்போது வரி கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு, அதனால் இதில் ஓட்டு இருந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். சத்தம் போடும் உரிமை எல்லோருக்கும் இருந்தது. மெட்ராஸ் வெயிலில் வெந்து கறுத்த ஒரு ஊரையே எதிரில் உட்கார வைத்துக்கொண்டு கறுப்பைக் கேலி செய்யலாம் என்று இந்தப் புத்திசாலிகளுக்கு எப்படித் தோன்றியது, சொல்லுங்கள்!

நான் இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு மேடையில் ஏறினேன். ராமலிங்கம் படுத்தபடியே தன் வசனத்தை எடுத்துவிட்டார்.

"யாருய்யா அங்கே, பெட்ரோமாக்ஸை இப்படித் திருப்புங்க! டாக்டர் வந்திருக்காராம், பல்லு மட்டும்தான் தெரியுது!"

நாற்காலிகள் சிரித்தன. தரை சிரிக்கவில்லை.

எனக்கு அந்தத் தமாஷ் புதிது இல்லை. பள்ளிக்கூடத்திலிருந்து கேட்டுப் பழகிப் புளித்துப்போனது. பழக்கத்தில் நானும் பல்லைக் காட்டினேன். காட்டிக்கொண்டே அப்பாவைத் தேடினேன். என்னைப் பார்த்த சந்தோஷத்தில் அவர் வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தார். ராமலிங்கம் சொன்னது காதில் விழுந்ததும் மெதுவாகக் கையைத் தூக்கித் தன் வாயை மூடிக்கொண்டார். ஏதோ பல் இருப்பது தப்பு என்பது போல.

எனக்கு வந்தது பாருங்கள் கோபம்! அத்தனை வருஷமாகச் சேர்ந்திருந்த கோபமெல்லாம் ஒன்றாக வந்தது.

அதற்குள் பின்வரிசையில் ஒரு அம்மாள் எழுந்து நின்றாள். கன்னியம்மா, மந்தைவெளி முழுக்கக் கூடையில் மீன் விற்கிறவள்.

"இன்னாத்துக்குடா சிரிக்கிறீங்க? எங்க டாக்டரு கறுப்புன்னா நீங்கள்லாம் சுண்ணாம்பா? அந்தக் கறுப்புக் கைதான்டா தலை திரும்பிக்கினு கெடந்த என் புள்ளைய உசுரோட எடுத்துக் குடுத்துச்சு!"

"தமாஷும்மா, தமாஷ்! உக்காரு!" என்று தாமோதரம் மேடை நாற்காலியிலிருந்து கையை ஆட்டினார். என் பக்கம் திரும்பிப் பல்லைக் கடித்துக்கொண்டு, "இன்னாடா முழிக்கிறே? குதிடா, குரங்கு மாதிரி குதி!" என்றார்.

நான் குதிக்கவில்லை. கொட்டாங்கச்சியை எடுத்தேன். படுத்திருந்த ராமலிங்கத்தைத் தாண்டி நேராக நாற்காலிக்குப் போனேன். டாக்டரின் குரலிலேயே, குப்பத்துப் பேச்சிலேயே சொன்னேன்:

"இன்னா நைனா, வியாதி உனக்குல்ல முத்திக்கீது! மூஞ்சியக் காட்டு."

இரண்டு கையாலும் அள்ளி, நெற்றியிலிருந்து மோவாய் வரை, காது மடல் உட்பட ஒரு இடம் விடாமல் பூசினேன். பாலேடு தேய்த்த முகம். மை வழுக்கிக்கொண்டு போயிற்று.

"டேய்! டேய்! இன்னாடா பண்றே!"

"தமாஷுங்க ஐயா, தமாஷ்!"

தரை எழுந்து நின்று ஆரவாரம் செய்தது. அந்தச் சத்தத்தில் ஒரு மாவீரனாக மேடையிலிருந்து குதித்து இறங்கினேன். வீரர்கள் குதிக்கும் முன் கீழே பார்ப்பார்கள் போலிருக்கிறது. நான் பார்க்கவில்லை. கொட்டகை மாடுகளுக்கு வைத்திருந்த புண்ணாக்குத் தொட்டியில் இடுப்பு வரை இறங்கினேன். கறுப்பு மேல் பகுதி, பழுப்புக் கீழ்ப் பகுதி என்று இருவண்ணத்தில் நான் எழுந்தபோது கன்னியம்மாவுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிட்டது. மாடுகள் வீடு வரை பின்னாலேயே வந்தன.

வீட்டுக்கு வந்து, "நாற்காலி போச்சுப்பா" என்றேன்.

அப்பா துண்டை நீட்டினார். "போவட்டும். இறங்க வேண்டிய எடத்துல இறங்கினே. தொட்டில இறங்கினா இன்னா?"

சிறிது நேரத்தில் கதவு தட்டப்பட்டது. ராமலிங்கம். அச்சு மை மண்ணெண்ணெய்க்குத்தான் போகும், அவர்கள் வீட்டு ரேஷன் எண்ணெய் தீர்ந்துவிட்டதாம். கொஞ்சம் கொடுக்க முடியுமா என்று எங்கள் வீட்டிலேயே வந்து கேட்கிறார்! எவ்வளவு துணிச்சல் பாருங்கள். அப்பா தன் கண்டக்டர் குரலில் ஒரே வார்த்தை கேட்டார்: "டிக்கெட் இருக்கா?"

எங்கள் தெருவில் யாருமே எண்ணெய் கொடுக்கவில்லை.

மறுநாள் ஓட்டு. தாமோதரம் சாவடி வாசலில் கைகூப்பி நின்றார். நிற்காமல் எப்படி? வேட்பாளர் ஆயிற்றே. கிடைத்த எண்ணெயில் தேய்த்ததில் மூக்கு மட்டும் வெளுத்து, மற்றதெல்லாம் சாணி மெழுகிய தரையாக இருந்தது. தலையில் முக்காடு வேறு. "வெள்ளைப் பெட்டி, வெள்ளைப் பெட்டி" என்று கெஞ்சினார். வரிகட்டும் ஜட்கா முதலாளி ஒருவர் ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்து, வெகு மரியாதையாகச் சொன்னார்: "உங்க மூஞ்சியப் பார்த்தேங்க. அதே கலர்ப் பெட்டில போட்டுட்டேன்." அதன்பிறகு வந்தவர்கள் எல்லோரும் அதையே சொல்லிவிட்டுப் போனார்கள். தாமோதரத்துக்குக் கட்டிய டெபாசிட்கூடத் திரும்பவில்லை.

கட்சி அதோடு புத்தி தெளிந்திருக்கலாம். "அது வெறும் நகைச்சுவை. ஜனங்களுக்கு ரசிக்கத் தெரியவில்லை" என்று நோட்டீஸ் அடித்துக் கொடுத்தார்கள் (அதே அச்சகம், அதே மை). அந்த நோட்டீஸ்தான் அவர்களுக்கு எமனாயிற்று. குப்பத்துக் கிளை, கட்சிக் கொடிக்கம்பத்தைப் பிடுங்கிக் கட்டுமரத்துக்குப் பாய்மரமாக்கிக்கொண்டது. திருவல்லிக்கேணிக் கிளையை நடத்திய கடைக்காரர் பாய், "இன்னிக்கி அவரு தோலு, நாளைக்கி எங்க தாடி. நமக்கு இன்னாத்துக்கு?" என்று சாவியைத் திருப்பிக் கொடுத்தார். சிந்தாதிரிப்பேட்டையில் கூட்டம் போட்டால், பேச்சாளர் வாயைத் திறக்கும் முன்பே யாராவது ஒருவர் "மை எடுத்தாந்தீங்களா?" என்று கேட்பார். கொஞ்ச காலத்தில் கட்சியில் நாற்காலிகள்தான் மிஞ்சின. உட்கார ஆள் இல்லை.

டாக்டரைப் பார்க்கப் போனேன். அவர் வேஷத்தைப் போட ஒப்புக்கொண்டேனே, அது உறுத்திக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் ஊசியைக் கீழே வைத்தார்.

"நீதானா அது? குரல் நல்லா கீதுன்னு சொன்னாங்கோ. ஆனா மருந்து தடவுறதுக்கு முன்னாடி கையக் கழுவணும்டா, கழுதை!"

அவரிடம் வேலை கேட்கவில்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். டாக்டரின் முகத்தை விற்று நாற்காலி வாங்கப் பார்த்தவன், தாமோதரத்தின் மை பூசிய முகத்தைக் காட்டி அதையே வாங்குவதா? அந்த ரோஷத்துக்கு விலை இருந்தது. அப்பா வேலை முடிந்த பிறகும் ஒரு மரக்கிடங்கில் வாட்ச்மேனாகப் போனார். எனக்கு வெகு நாள் கழித்துத்தான் அடையாறு பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் குமாஸ்தா வேலை கிடைத்தது. அவர் கம்பளியைச் சுற்றிக்கொண்டு கிடங்குக்குக் கிளம்பும்போதெல்லாம் எனக்கு அழுகை வரும். அவரோ வாசலில் நின்று பல் தெரியச் சிரித்துவிட்டுப் போவார். கையை வாய்க்குக் கொண்டுபோகவே மாட்டார்.

அன்றைக்கு அப்பா மேடையிலிருந்து எடுத்துவந்த அந்தக் கொட்டாங்கச்சி இன்னும் எங்கள் வீட்டில் இருக்கிறது. மை காய்ந்து கல்லாகிவிட்டது. போன மாதம் என் பேத்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். பெண் என் நிறம். மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா, நிறம்தான் ஒரு மாத்து கம்மி. சும்மா தமாஷுக்குச் சொன்னேன்" என்றாள்.

பேத்தி எழுந்து நின்றாள். பல் முழுக்கத் தெரியச் சிரித்தாள். உள்ளே பார்த்து, "தாத்தா, அந்தக் கொட்டாங்கச்சியை எடுத்துக்கினு வாங்க. தண்ணி ஊத்தினாக் கரையுமா?" என்றாள்.

"தண்ணிக்குக் கரையாதும்மா, மண்ணெண்ணெய்தான் வேணும்" என்றேன் நான், எழுந்துகொண்டே.

அவர்கள் காப்பிக்குக்கூட நிற்கவில்லை. பஜ்ஜி எங்களுக்கே மிஞ்சியது.