அக்கா வீட்டுக் கிரையமும் என் கையெழுத்தும்

இயேசு மரி சூசை துணை
ஒக்கூர், 12.6.1996

அன்புள்ள மருமகன் ஆரோக்கிய பிரபுவுக்குத் தாய்மாமன் சாலமன் ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் நானும் உன் அத்தையும் சுகம். உன் வீட்டுக்காரி வின்சி சுகத்துக்கு எழுதவும்.

இப்படித்தான் முடியும் என்று நான் ஈஸ்டருக்கே சொன்னேன். வீட்டை உன் பேருக்கு எழுதி வைக்கச் சொல்லி மெட்ராஸிலிருந்து நீ அம்மாவுக்குப் போன் போட்டாயே, அன்றைக்கே, "அக்கா மனசு விட்டுப்போச்சு, இனி வீடு நிக்காது" என்று எஸ்.டி.டி. பூத்துக்காரனிடம் சொன்னேன். கேட்டுப் பார், அவன் மறந்திருப்பான்.

அக்கா வீட்டை விற்பதை நீ தடுக்கச் சொன்னபடி நேற்றுப் பத்திர ஆபீசுக்குள் சிங்கம் மாதிரி நுழைந்தேன். "நிறுத்துங்க, இது பரம்பரைச் சொத்து!" என்றேன். சார்பதிவாளரே எழுந்து நின்றார். ஃபேனைப் போடத்தான், ஆனாலும் நின்றார். அதற்குள் அக்கா, "வாத்தியார் சம்பளத்துல நான் வாங்குன மனைங்கய்யா, நான் கட்டுன வீடு. இவன் ஒரு செங்கல் தூக்கல" என்றது. அவள் பேரில் உள்ள சொத்தை அவள் விற்கலாம், யாருக்கும் கொடுக்கலாம், பெற்ற மகனானாலும் தடுக்க முடியாது என்று அவர் சட்டம் சொன்னார். எனக்குத் தெரிந்த சட்டம்தான், அவருக்குத் தெரியுமா என்று பார்த்தேன். நல்ல வேளையாக, சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டிய மெய்யநாதன் பஸ்ஸை விட்டுவிட்டான், ஆள் இல்லாமல் பத்திரம் பதிவாகாது, ஜெயித்தோம் மாப்ளே என்று நினைத்தேன். அப்போது பார்த்து பத்திரம் எழுதுகிற அழகு என்பவன் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க கைநாட்டா வைப்பீக?" என்று கேட்டுவிட்டான். எட்டாவது வரை படித்தவனை! பேனாவைப் பிடுங்கி, சாட்சி என்ற இடத்தில், இங்கிலீஷிலேயே கையெழுத்தை, அடியில் ரெண்டு கோடும் இழுத்துப் போட்டுக் காட்டினேன். பத்திரம் பதிவாகிவிட்டது.

அக்கா அதைப் பார்த்து, "இன்னமும் 'எஸ்'ஸைத் திருப்பித்தான்டா போடுறே" என்றது. பஸ்ஸில், சாவி இல்லாத இடுப்பையே தடவிக்கொண்டு வந்தது. கன்னியர் மடத்துக்குப் பக்கத்தில் ஓர் அறை எடுத்திருக்கிறது. இறங்கும்போதுதான், "பிரபு வந்தா படுக்க இன்னொரு கட்டில் சொல்லியிருக்கேன்டா" என்றது. ஆகையால் உடனே வா.

மாதா உன் வீட்டு அடுப்பை அணையாமல் வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
அன்பு மாமன்
சாலமன்

பி.கு.: அந்த இன்னொரு கட்டில் நான் சேர்த்து எழுதியது. உன்னைப் பற்றிக் கேட்கும் கேட்கும் என்று இறங்குகிற வரை அக்கா முகத்தையே பார்த்தேன். உன் பேரையே எடுக்கவில்லை. நீ வந்தால் என் வீட்டில் படுத்துக்கொள்.