இரண்டாவது ஓட்டையின் மூடி

கர்த்தரின் கிருபையால் ஃபார்கோவில் சுகமாயிருக்கும் அண்ணன் கர்ட்டுக்கு, பெமிட்ஜியிலிருந்து தங்கை ஹைடி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் வீட்டுக்காரர் வேட்டும் பிள்ளைகளும் சுகம். ஏரி உறைந்துவிட்டது. அண்ணி அனுப்பிய பீட்ரூட் ஊறுகாய்க்கு நன்றி.

உன் பழைய வீடியோ கேம் பெட்டியும் வந்து சேர்ந்தது. தபால் செலவை என் தலையில் கட்டியிருந்தாய். வீட்டுக் கணக்கில் 'வீண்' என்ற தலைப்பில் எழுதிவிட்டேன். "கிறிஸ்துமஸுக்கு வர்றேன், சின்ன வயசு மாதிரி ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்து அந்த டிராகனைக் கொல்லுவோம்" என்று உள்ளே ஒரு சீட்டு வேறு. தாடி நரைத்துவிட்டது, முன்பல் இரண்டும் கட்டியது, அந்த வாயால்தான் கேம் கேசட்டின் தூசியை ஊதப்போகிறாயா? டிவியில் நாலு பச்சைக் கட்டத்தை மரம் என்று சொல்லிக் கண்கலங்க உங்களைப் போன்ற ஆண்களால்தான் முடியும். ஜன்னலுக்கு வெளியே கர்த்தர் உண்டாக்கின மரம் நிற்கிறது, அதை ஏறெடுத்துப் பார்க்க ஆளில்லை.

போகட்டும், அண்ணன் ஆசை என்று, சர்ச்சின் கீழறையில் கிடந்த பழைய டிவியை வேட் தூக்கிவந்து பெட்டியைத் துடைக்க உட்கார்ந்தார்.

"ஹைடி, இங்க வாயேன். ரெண்டாவது ஓட்டையில கம்பெனிக்காரன் போட்ட மூடியே இன்னும் கழட்டல!"

"அதெப்படி? அதுலதானே என் ஜாய்ஸ்டிக்? ஓடுறது அண்ணன், குதிக்கிறது நான்."

"செல்லம், உன் ஒயரு சோபாவுக்கு அடியில போயிருக்கும். அதைத் தாண்டி எங்கயும் போகல!"

அவர் சிரித்து முடிப்பதற்குள் அடுப்பில் இருந்த இறைச்சி கருகிவிட்டது.

ஏண்டா அண்ணா, கட்டைவிரல் காய்த்துப்போகும்வரை அமுக்கினேனே, நீ பள்ளத்தில் விழும்போதெல்லாம் "லேட்டா அமுக்கிட்டியேடி கழுதை, போ, என் பங்குப் பாத்திரத்தையும் கழுவு" என்பாயே, நானும் அழுதுகொண்டே கழுவி, ராத்திரி ஜெபத்தில் அதற்கு மன்னிப்பும் கேட்டேனே, டிராகன் செத்த அன்று "கடைசியா குதிச்சது நான்தாம்மா!" என்று கத்திக்கொண்டு ஓடினேனே, பக்கத்தில் நின்று தலையாட்ட உனக்கு எப்படி மனசு வந்தது? ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு வருஷம் தவறாமல் சாட்சி சொல்கிறேன், ஜெபம் பண்ணினேன், கர்த்தர் என் விரலைப் பிடித்தார், டிராகன் விழுந்தது என்று. இந்த வருஷமும் போதகர் என் பேரைப் பலகையில் எழுதிவிட்டார். இனி என்ன சொல்ல? கர்த்தர் சோபாவுக்கு அடியில் கிடந்த ஒயரைப் பிடித்தார் என்றா?

பெட்டி சனிக்கிழமை சர்ச் பழையபொருள் விற்பனைக்குப் போகிறது. கிறிஸ்துமஸுக்கு வா, சாப்பிடு, போ.

கர்த்தர் உன்னையும் அண்ணியையும் காத்து, உன் கட்டுப் பல்லையும் காப்பாராக.

இப்படிக்கு,
ஏமாந்த தங்கை
ஹைடி

பி.கு.: பெட்டி விற்பனைக்குப் போகவில்லை. முதல் பள்ளத்தை நேற்று நானே தாண்டினேன், இந்த முறை மெய்யாகவே. கத்திய கத்தலில் வேட் மாடியிலிருந்து ஓடிவந்தார். டிராகன் செத்த பிறகுதான் சாட்சி சொல்வேன் என்று போதகரிடம் சொல்லிவிட்டேன், ஆகவே சீக்கிரம் வா. உனக்கும் ஒரு ஜாய்ஸ்டிக்கைத் துடைத்து சோபாவில் வைத்திருக்கிறேன். மூடியைக் கழற்றவில்லை. குதிப்பது உன் வேலை. தவறினால் பாத்திரம் கழுவு.